பியானோவுக்கும் சுகந்தியின் செல்லோவுக்கும்

24 அக்டோபர் 1998, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கொடியில் கிடந்த வெள்ளைப் புடவையில் சாம்பல் புள்ளிகள். காற்று இன்று பவர் ஹவுஸ் பக்கத்திலிருந்து. மறுபடி அலசணும்.

மூன்று மணிக்குக் கிளப். சனிக்கிழமை என்றால் கால் தானாக அங்கே போகிறது. பியானோவில் ஈரம் ஏறிவிட்டது. நடுவில் ஒரு கட்டை, அழுத்தினால் மேலே வர மறுக்கிறது. விரலால் தூக்கிவிட்டுக்கொண்டே வாசித்தேன். எந்தக் காலத்திலோ வெளிநாட்டு இன்ஜினியர்கள் விட்டுப்போன பியானோ. இந்த டவுன்ஷிப்பில் அதைத் தொடுகிற ஆள் நான் ஒருத்தி. கேரம் ஆடுகிறவர்களுக்கு அது டீ டம்ளர் வைக்கிற இடம்.

பாதியில் கிளப் செக்ரட்டரி வந்தார். கையில் சமோசா.

"மிஸ் ரெஜினா, சீஃப் இன்ஜினியர் ரிட்டையர் ஆறார். நவம்பர் இருபத்தொண்ணு ஃபேர்வெல். போன வருஷம் பண்ணீங்களே, பியானோவும் அந்தப் பெரிய வயலினும்? சார் இன்னும் சொல்லிக்கிட்டிருக்கார். அதே ஜோடி, புதுசா ஒண்ணு."

"அது செல்லோ சார்."

"அதான். ப்ரோக்ராம்ல போட்டுடட்டுமா?"

போடுங்க என்றேன். சுகந்தி இப்போது வாசிப்பதில்லை சார் என்று ஒரு வரி சொன்னால் முடிந்திருக்கும். வாய் வரவில்லை.

வாங்க: பென்சில், ரப்பர், நீலம், தலைவலித் தைலம்.

25 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வீடு. எதிர் குவார்ட்டர்ஸில் தீபாவளி முறுக்கு இன்னும் தீரவில்லை, ஒரு தட்டு கொடுத்தார்கள். நமுத்திருந்தது. தின்றேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ஆள் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

சுகந்தி எனக்கு மூன்று வயது இளையவள். டேனியலின் மனைவி. டேனியல் மைன்ஸில் எலக்ட்ரீஷியன், பெர்மனென்ட். இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் படித்த மிஷன் பள்ளியில் ஒரு வாத்தியக் குழு இருந்ததாம், அங்கே கற்றது செல்லோ. கல்யாணமாகி இங்கே வந்தபோது கூடவே கொண்டுவந்து அலமாரிக்கு மேலே போட்டிருந்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனவள் அதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டேன். அன்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும்.

ஜாஸ் என்னுடைய பைத்தியம். அண்ணன் மெட்ராஸில் ஓட்டல் பேண்டில் பியானோ வாசித்தான். ஆஸ்திரேலியா போகும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டை என்னிடம் விட்டுப்போனான். அதைக் கேட்டுக் கேட்டு எழுதி, எட்டுப் பேர் வாசிப்பதை இரண்டு பேருக்கு ஆக்குவேன். டிரம்ஸ் இல்லை, ட்ரம்பெட் இல்லை. எல்லாவற்றையும் செல்லோ சொல்லவேண்டும். சு. முதலில் சிரித்தாள். "என்னக்கா இது, நொண்டி நடக்கிற மாதிரி இருக்கு?" பிறகு அவளுக்கும் அந்த நொண்டல் பிடித்துப்போயிற்று.

ஜூனில் டேனியலுக்கு ஷிஃப்டில் மாரடைப்பு. பிழைப்பது கடினம் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சு. ஒரு பொருத்தனை பண்ணினாள். இவர் எழுந்து வந்தால் இனி இந்தக் கை கர்த்தருக்கு மட்டுமே வாசிக்கும். அவர் எழுந்து வந்தார். இப்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு சபைக்குப் போகிறார்கள். செல்லோவும் அங்கேதான்.

அவளிடம் கோபப்பட முடியவில்லை. அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் சமாதானம் பண்ணலாம். பொருத்தனையை என்ன பண்ண?

26 அக்டோபர், திங்கள்

ஆபீஸ். டிக்டேஷன் இரண்டு மணி நேரம். பெல்ட் கன்வேயர் ஸ்பேர்ஸ் பற்றி ஒரே கடிதம் நாலு முறை.

மதியம் சு.வுக்கு ஃபோன். எடுத்தவுடன், "சொல்லுங்க சிஸ்டர்." அப்புறம் என் குரல் கேட்டு, "அக்கா, நீங்களா?"

ஃபேர்வெல் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"உங்களுக்குத் தெரியும்லக்கா."

"தெரியும். கேட்டுப் பார்த்தேன்."

"வேற யாராச்சும் இருக்காங்களா?"

நெய்வேலியில் செல்லோ வாசிக்க வேறு யார் இருக்கிறார்கள்? இருவரும் சிரித்துவிட்டோம். வைத்த பிறகு பாத்ரூம் போய் முகம் கழுவினேன்.

29 அக்டோபர், வியாழன்

நல்ல மழை. கரண்ட் போய் வந்தது.

ஆள் இல்லாவிட்டாலும் எழுதுகிறேன். கேசட்டில் அட்டை கிழிந்து பெயர் போய்விட்ட ஒரு பாட்டு, ரொம்ப மெதுவானது. நாலைந்து வருடமாக எழுத நினைத்தது. மூலத்தில் இருக்கிற சுருதி செல்லோவுக்கு ஆகாது, எல்லாவற்றுக்கும் விரல் வைக்கவேண்டும், சத்தம் மூடிக்கொள்ளும். அரைச் சுரம் இறக்கி டி மேஜருக்குக் கொண்டுவந்தேன். இப்போது அவளுடைய இரண்டு தந்திகள் விரல் படாமலே திறந்து ஒலிக்கும். சு.வின் டி தந்தி, அடுப்பில் பெரிய பாத்திரத்தை நகர்த்துகிற மாதிரி ஒரு கனம்.

என் இடது கையில் எப்போதும் இருக்கிற தப்பு: அடிச் சுரத்தை நானும் வாசிப்பது. செல்லோ கீழே இருக்கும்போது பியானோவும் கீழே போனால் சேறு. எடுத்துவிட்டேன். கார்டில், சேர்த்து அழுத்துகிற சுரக் கூட்டத்தில், நடுச் சுரங்கள் இரண்டே போதும், மற்றது அவளுடையது. நடுவில் எட்டு பார், எட்டுத் தாளக் கட்டம், முழுக்க செல்லோ மட்டும். பியானோ கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அந்த எட்டு பாரை எழுதும்போது மட்டும் ரப்பர் தேவைப்படவே இல்லை.

இரவுச் சாப்பாடு: ரசம், அப்பளம்.

1 நவம்பர், ஞாயிறு

சகல புனிதர்கள் திருநாள். சாமியார் பிரசங்கம் நீளம். வெயில் கொஞ்சம் தலைகாட்டியது, ரோட்டில் மரத்துக்கு மரம் சொட்டு.

பதினொரு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர். டேனியல். மெலிந்துவிட்டார், சட்டைக் காலர் பெரிதாகத் தெரிகிறது. கையில் ஒரு டப்பா.

"சுகந்தி அல்வா கொடுத்து விட்டா. நம்ம ஊருக்குப் போனவங்க கொண்டாந்தது."

உட்கார்ந்தார். காபி வேண்டாம், டாக்டர் குறைக்கச் சொன்னார் என்றார். பிறகு குடித்தார்.

"சனிக்கிழமை வீட்ல ஒரு சத்தமும் இல்லக்கா. முன்னாடி நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தா இவ உள்ள டொய்ங் டொய்ங்னு பிராக்டிஸ் பண்ணுவா. எரிச்சலாத்தான் இருக்கும். இப்ப தூக்கம் வரமாட்டேங்கு."

காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. மயங்கிக் கிடந்தவன் நானு. என் உசுருக்குப் பேசினவ, என்னை ஒரு வார்த்த கேட்டாளா? எனக்குப் புடிச்சதையே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டா."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அழுவா. நான் பொழச்சதுக்கு நானே கொறை சொல்லுத மாதிரி ஆயிரும்லா?"

போகும்போது வாசலில் நின்று, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஞானப்பாட்டு வாசிக்கலாம்லா? அது கர்த்தருக்குத்தானே?" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா, தெரியவில்லை.

2 நவம்பர், திங்கள்

கல்லறைத் திருநாள். அரை நாள் லீவ். கடலூர் போய் அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தி. காற்றில் நிற்கவில்லை, மூன்று முறை ஏற்றினேன்.

திரும்பும்போது வடலூரில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. ஜன்னல் ஓரம். டேனியல் சொன்னதே தலைக்குள். சு.வுக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்த ஒரு ஞானப்பாட்டு உண்டு, அதன் அடிவரி அப்படியே கீழே இறங்கிப் போகும் படிக்கட்டு. முதல் சரணம் கோயிலில் பாடுகிற மாதிரியே இருக்கட்டும். இரண்டாவதில் கார்டை மட்டும் கொஞ்சம் மாற்றினால்? மூன்றாவதில் அடிவரியை அவள் வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டி நடந்தால்?

பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். கண்டக்டர், "என்னம்மா, கணக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

4 நவம்பர், புதன்

எழுதி முடித்தேன். அழகாக வந்திருக்கிறது. மூன்றாம் சரணத்தில் பாட்டு தெருவில் கை வீசி நடக்கிறது. வார்த்தை ஒன்றைக்கூடத் தொடவில்லை, மெட்டையும் தொடவில்லை.

சு.வுக்கு ஃபோன். ஞானப்பாட்டு என்றதும் குரலே மாறியது. "நிஜமாவாக்கா? சனிக்கிழமை வரேன்."

குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெருக்கித் துடைத்தேன். அவள் வரப்போவது கிளப்புக்கு.

7 நவம்பர், சனி

வந்தாள். ஆட்டோவில், செல்லோவை மடியில் குழந்தை மாதிரி படுக்க வைத்துக்கொண்டு. டேனியல் பின்னால் ஸ்கூட்டரில். வெள்ளைப் புடவை. காதில் தோடு இல்லை, கழுத்தில் ஒன்றுமில்லை, சபையில் நகை கூடாதாம். அவள் காது அவ்வளவு சின்னது என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

சுருதி சேர்த்தாள். அந்தச் சத்தம் வந்ததும் கேரம் ஆடியவர்கள்கூட நிறுத்தினார்கள்.

முதல் சரணம். நேராக, சுத்தமாக. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். இரண்டாவது. என் கார்டு மாறியது. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், நிறுத்தவில்லை. மூன்றாவதில் வில்லை மடியில் வைத்துவிட்டு விரலால் மீட்டினாள். நாலு பார். அவள் தோள் ஆடியது. என் இடது கால் தட்டியது. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

தந்திமேல் உள்ளங்கையை வைத்து நிறுத்திவிட்டாள்.

"இது பாட்டில்லக்கா. தூண்டில்."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. இப்ப நான் யாருக்கு வாசிச்சேன்னு எனக்கே தெரியல."

வில்லைத் தளர்த்தினாள். துணியால் தந்திகளைத் துடைத்தாள், மெதுவாக, எப்போதும் போல. அந்த நிதானம்தான் எனக்கு ஆகவில்லை. சொல்லிவிட்டேன்:

"டேனியலைப் பொழைக்க வெச்சது டாக்டர், சுகந்தி. உன் கை இல்ல."

டேனியல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் பெட்டியின் கொக்கியைப் போட்டார்.

சு. அழவில்லை. "இருக்கலாம்க்கா," என்றாள். "ஆனா கேட்டது நான். கொடுத்ததுக்கு அப்புறம் எப்படித் திருப்பிக் கேக்கிறது?"

ஆட்டோ போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் வந்து விளக்கைப் போட்டார்.

8 நவம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

11 நவம்பர், புதன்

ஆபீஸில் டைப்பிஸ்ட் சரோஜா, "என்ன மேடம், டல்லா இருக்கீங்க? ஊருக்குப் போயிட்டு வாங்களேன்," என்றாள். எந்த ஊர்? கடலூர் வீட்டை விற்றாயிற்று. அண்ணன் கிறிஸ்துமஸுக்கு ஃபோன் பண்ணுவான், வெயிலா மழையா என்று கேட்பான்.

செக்ரட்டரியிடம் ஐட்டத்தை எடுத்துவிடச் சொல்லலாம் என்று போனேன். ப்ரோக்ராம் டைப் ஆகி நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று. டைப் அடித்தது எங்கள் ஆபீஸ் மெஷின், அந்த 'ர' எப்போதும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். என் பெயரும் அவள் பெயரும் பக்கத்தில் பக்கத்தில்.

15 நவம்பர், ஞாயிறு

மந்தாரக்குப்பம் போனேன். சைக்கிளில், குடையோடு. மன்னிப்புக் கேட்கத்தான். அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். எதற்கு அங்கே போனேன்? பார்க்கணும் போல் இருந்தது.

ஹார்டுவேர் கடைக்கு மாடி, தகரக் கூரை. மழை விழுந்தால் பாஸ்டர் பேசுவது கேட்காது. பிளாஸ்டிக் சேர், எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள். டிரம்ஸ், தானே தாளம் போடுகிற கீபோர்ட். ஓரத்தில் சுகந்தி, செல்லோவோடு. வாசிப்பது ஒன்றுமில்லை. ஒரு சுரம், நீளமாக. அப்புறம் இன்னொன்று. அவ்வளவுதான். பத்து வயதில் அவள் வாசித்திருக்கக்கூடியது.

ஆனால் அவள் முகம்! எங்கள் கிளப்பில், எங்கள் மிகச் சிறந்த சனிக்கிழமையில்கூட அந்த முகம் வந்ததில்லை. அங்கே எப்போதும் பாதிக் கண் தாளில், பாதிக் கண் என் கையில். இங்கே எதையும் பார்க்காமல் வாசிக்கிறாள்.

பக்கத்திலிருந்த பெண், கைக்குழந்தையோடு, என் காதில் சொன்னாள்: "அந்தக்கா வாசிச்சா காதுல கேக்காதுங்க. வயித்துல கேக்கும். நான் அதுக்குன்னே இந்தப் பக்கமா வந்து குந்திக்குவேன். எம்புள்ள தூங்கிக்கினே கேக்குது பாருங்க."

உண்மை. வயிற்றில்தான் கேட்டது.

இத்தனை நாள் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம் செல்லோ இருக்கிறது, கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆள் இல்லாமல் நிற்பது நான்.

முடிந்ததும் படியில் பிடித்தேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு சுகந்தி."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. "சாப்பிட்டீங்களாக்கா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். டேனியல் குடையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

17 நவம்பர், செவ்வாய்

முடிவு: நானே வாசிக்கிறேன். அந்த மெதுவான பாட்டை.

செல்லோவின் வரியை இடது கைக்குக் கொண்டுவந்தேன். கார்டு எங்கே போகும்? வலது கைக்கு. மெட்டு எங்கே போகும்? மூன்று கை வேண்டும். வெட்டினேன். வெட்ட வெட்ட, எதை எல்லாம் அவளை நினைத்து எழுதியிருந்தேன் என்று தெரிந்தது. பாதிக்கு மேல் வீண்.

நடு எட்டு பாரில் கை வைக்கவில்லை. அதை மட்டும் ஒற்றைக் கையில், துணை இல்லாமல், வெறும் மெட்டாக வாசிக்கிறேன். கேட்பவர்களுக்கு இவள் மீதியை மறந்துவிட்டாள் என்று தோன்றினாலும் சரி.

தாள் ஏழு பக்கம் வந்துவிட்டது. பக்கம் திருப்ப இடமே இல்லை, இரண்டு கையும் எப்போதும் கட்டையில். பார்ப்போம்.

21 நவம்பர், சனி

மழை விட்டது. ஃபேர்வெல் ஆறு மணிக்கு. சந்தன மாலை, சால்வை, ஒரு பெரிய குத்துவிளக்கு. சீஃப் இன்ஜினியர் பேசினார், அவர் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிள்ளைகள் நடனம். அப்புறம் நான்.

செக்ரட்டரி மைக்கில் இரண்டு பெயரையும் வாசித்துவிட்டார். நான் மட்டும் மேடை ஏறினேன். முன் வரிசையில் யாரோ, "இன்னொருத்தங்க எங்க?" என்றார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்து தாளை விரிக்கிறேன், பக்கத்தில் ஒரு நாற்காலி தரையில் உரசுகிற சத்தம். வெள்ளைப் புடவை.

"பக்கம் திருப்பறேன்க்கா."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் தாளைப் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்: "வாசிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். திருப்ப மாட்டேன்னு சொல்லல."

ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் வேகம் கூடிவிட்டது. இரண்டாவதில் பரவாயில்லை. சரியாக ஒரு பார் முன்னாலேயே திருப்பினாள், நான் தலையாட்டத் தேவையே இல்லை. என் மூச்சு அவளுக்குத் தெரியும்.

நடு எட்டு பார். இடது கையை மடியில் வைத்துவிட்டு வலது கை மட்டும். ஹாலில் ஃபேன் சத்தம் கேட்டது. அப்போது ஓரக்கண்ணில் பட்டது. அவளுடைய இடது கை, புடவை மடிப்பின்மேல். விரல்கள் ஒவ்வொன்றாக அழுந்தி எழுந்தன. சரியான இடத்தில், சரியான தந்தியில். நீளச் சுரத்தில் சுண்டுவிரல் லேசாக நடுங்கியது, செல்லோவில் நடுக்குவது போலவே. இந்தத் தாளை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

ஒரு சுரம் தப்பாக விழுந்தது. யாருக்கும் தெரிந்திருக்காது.

கைதட்டல். சீஃப் இன்ஜினியர் எழுந்து வந்து இருவருக்கும் கும்பிடு போட்டார்.

சைக்கிள் ஸ்டாண்ட் வரை கூட வந்தாள். டேனியல் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அந்த எட்டு பார் எனக்கு எழுதினதாக்கா?"

"ஆமா."

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

"இனிமே கூப்பிடாதீங்கக்கா. கூப்பிட்டா வந்துருவேன்."

சரி என்றேன். ஸ்கூட்டர் போயிற்று. சைக்கிள் பூட்டைத் திறக்க ரொம்ப நேரம் ஆனது.

22 நவம்பர், ஞாயிறு

வெயில். கோயில் கூட்டம். கிறிஸ்து அரசர் திருநாள், சர்பத் கொடுத்தார்கள்.

மதியம் செக்ரட்டரி ஃபோன். எல்லோரும் புகழ்கிறார்களாம். புத்தாண்டுக்கும் ஒரு ஐட்டம் வேண்டும். "ஒருத்தரா, ரெண்டு பேரா மிஸ் ரெஜினா? இப்பவே சொல்லிட்டா நோட்டீஸ்ல கரெக்டா போட்டுடலாம்."

"ஒருத்தர்தான் சார்."

வைத்த கையோடு சு. வீட்டு நம்பரைச் சுழற்றினேன். கடைசி எண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டேன். கூப்பிட்டால் வந்துவிடுவாள்.